அந்த ஒரு ஃபைல் மட்டும்

உதவி என்று கூப்பிட்டால் அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார மாட்டார். நின்றபடியே குனிந்து, நம் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, கீபோர்டில் ஒரே ஒரு வரி அடிப்பார்.

“அந்த ஒரு ஃபைல் மட்டும்தானே?”

அவ்வளவுதான். நாம் கெடுத்து வைத்திருந்த ஃபைல், காலையில் எப்படி இருந்ததோ அப்படியே ஆகிவிடும். நன்றி சொல்ல நிமிர்வதற்குள் தன் இடத்துக்குப் போயிருப்பார்.

அவர் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. நாங்கள் யாரும் பெயர் சொல்லி அழைத்ததும் இல்லை. எங்களுக்கு அவர் சார்.

கூனிமேட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஹார்டுவேர் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். உப்பளத்து மோட்டார்களைப் போனிலிருந்தே ஓட்டவும் நிறுத்தவும் சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தோம். பம்பு செட் கொட்டகையில் சிம் கார்டு போட்ட ஒரு பெட்டியை மாட்டிவிடுவோம். உப்பள முதலாளி பாண்டியில் வீட்டு சோபாவில் உட்கார்ந்து பட்டனைத் தொட்டால், மரக்காணத்தில் மோட்டார் ஓடிப் பாத்திகளுக்கு உப்புத் தண்ணீர் பாயும்.

எங்கள் வேலையில் ஒரு வசதி உண்டு. எழுதுகிற ஃபைலை ‘கமிட்’ செய்யும்போதெல்லாம் அது அந்த நேரத்தில் இருந்த வடிவம் அப்படியே பத்திரப்படும். புதிதாக எழுதியது சரிப்படவில்லையென்றால் பழைய வடிவத்தை வரவழைத்துக்கொள்ளலாம். மொத்த வேலையையும் பின்னால் கொண்டுபோகலாம். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு ஃபைலை மட்டும் கொண்டுபோகலாம். சார் செய்வது எப்போதும் இரண்டாவதுதான். எந்த ஃபைலில் கோளாறு என்பதை அவர் கண்டுபிடிக்கும் வேகம் எங்களில் யாருக்கும் வாய்க்கவில்லை.

சேர்ந்த புதிதில் என்னைக் காப்பாற்றியதும் அவர்தான். ஒரு உப்பள முதலாளி பார்க்க வரப்போகிற நாளில், மோட்டார் ஓடும் நேரத்தைக் கணக்கிடும் ஃபைலை நான் தாறுமாறாக்கி வைத்திருந்தேன். எதை அழித்தேன், எதைச் சேர்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன். சார் என் மேஜை அருகே நின்றிருந்தார்.

“உன் வேலை மத்ததெல்லாம் அப்படியே இருக்குது. இது மட்டும் காலையில இருந்த மாதிரி ஆக்கிட்டேன். மூஞ்சியக் கழுவிட்டு வாம்மா, டீ வந்திருக்குது.”

அன்று அவருக்காக எதையும் செய்திருப்பேன்.

மற்ற விஷயங்களிலும் அவர் அப்படித்தான் என்பது போகப்போகத் தெரிந்தது. யாராவது மேஜையை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் மேஜை பழைய இடத்தில் இருக்கும். கீழே டீக்கடைக்காரர் ஒருமுறை வேறு டீத்தூளுக்கு மாறினார். சார் முகம்கூடச் சுளிக்கவில்லை. மறுநாள் பழைய தூள் பாக்கெட்டைத் தானே வாங்கிக்கொண்டுவந்து கல்லாப்பெட்டி மேல் வைத்துவிட்டுப் போனார். கடைக்காரரும் சிரித்துக்கொண்டே பழைய தூளுக்குத் திரும்பிவிட்டார். நாங்களும் சிரித்தோம்.

சிரிப்பு நின்றது யாஸ்மின் விஷயத்தில்.

யாஸ்மின் என் பக்கத்து மேஜை. கூனிமேட்டுப் பெண், பள்ளிவாசலுக்குப் பின்னால் வீடு. மழை வரப்போகிறதென்றால் உப்புக் குவியலை மூடச்சொல்லி எச்சரிக்கிற புரோகிராமை எழுதும் வேலையை அவளிடம் கொடுத்திருந்தார்கள். பல நாளாக ஒரே ஃபைலில் எழுதிக்கொண்டிருந்தாள். பாதி வேலையைக் கமிட் செய்யப் பிடிக்காமல், முடித்ததும் செய்துகொள்ளலாம் என்று விட்டிருந்தாள். ஒருநாள் மதியம் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தபோது, அவள் கம்ப்யூட்டரில் ஏதோ சோதித்துப் பார்க்க சார் வந்தார். புரோகிராம் திறக்கவில்லை. அவள் ஃபைலால்தான் என்று கண்டுபிடித்தார். நின்றபடியே குனிந்தார். ஒரு வரி அடித்தார்.

யாஸ்மின் வந்து உட்கார்ந்தாள். திரையை மேலும் கீழுமாக ஓட்டிப் பார்த்தாள்.

“சார், என் ஃபைலு?”

“இருக்குதே.”

“நான் எழுதினதைக் காணோம் சார்.”

“கமிட் பண்ணியா?”

“இல்ல சார். இன்னைக்கு முடிச்சிட்டுப் பண்ணலாம்னு…”

“அப்ப அது இல்லம்மா. கமிட் பண்ணாததைத் திரும்ப வரவெக்க வழி கிடையாது. அது எங்கயுமே இருக்காது.”

“நீங்கதானே சார் அழிச்சீங்க?”

“நான் எதையும் அழிக்கல. பழையபடி ஆக்கினேன்.”

அதட்டலும் இல்லை, வருத்தமும் இல்லை. மாடிப்படியில் இறங்கும்போது யாஸ்மின் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். “கத்தியிருந்தாக்கூடப் பரவால்லடி. அவரு மூஞ்சியப் பாத்தியா? எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு.”

அனுமந்தையில் அவர் வாடகை வீட்டுக்கு ஒருமுறை எங்கள் இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். மகளுக்குப் பிறந்தநாள். எட்டாவது படிக்கிற, வாய் ஓயாத பெண். அவர் மனைவி வஞ்சிர மீன் குழம்பு வைத்திருந்தார். சாப்பிட்டதும் அந்தப் பெண் எங்களைத் தன் அறைக்கு இழுத்துப்போனாள். போனில் ஒரு படம் காட்டினாள். ஒரு சுவர் முழுக்க நீலம். அதில் படகுகள், கெளுத்தி மீன்கள், மூக்கு நீண்ட ஒரு பறவை.

“நான் வரைஞ்சது ஆன்ட்டி. லீவுல. படகுக்கு அடிச்ச பெயின்ட்டு மிச்சம் இருந்துச்சு, பக்கத்து வீட்டு மாமா குடுத்தாரு.”

“நல்லா இருக்குதே. எந்தச் சுவரு?”

அவள் எதிரே கையைக் காட்டினாள். வெளிர் மஞ்சள் சுவர். மற்ற மூன்று சுவர்களின் அதே மஞ்சள்.

“ஸ்கூல் விட்டு வந்து பாத்தேன், இப்படி இருந்துச்சு. அப்பா எதுவும் சொல்லல. திட்டக்கூட இல்ல.”

சுவரைத் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் மங்கிய மற்ற சுவர்களின் நிறத்துக்குப் பொருந்துகிற மாதிரி பெயின்ட்டைக் கலந்து அடித்திருந்தார். ஒரு திட்டு இல்லை, ஒரு விளிம்பு இல்லை. அந்தச் சுவரில் எப்போதாவது ஒரு பறவை இருந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

சார் பாயசக் கிண்ணங்களோடு உள்ளே வந்தார். அந்தப் பெண் சட்டென்று போனைத் திரை கீழே இருக்கும்படி படுக்கையில் கவிழ்த்து வைத்தாள்.

கை கழுவப் பின்பக்கம் போனேன். அவர் மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். அவராகவே சொன்னார்: “இவரு எதையும் கெடுக்க மாட்டாரும்மா. பழையபடி வெச்சிடுவாரு, அவ்ளோதான். நான்கூட வேலைக்குப் போயிக்கிட்டிருந்தேன், தெரியுமா? மரக்காணத்துல, ஒரு ஸ்கூல்ல.”

“ஏன்க்கா விட்டுட்டீங்க?”

“நான் எங்கேம்மா விட்டேன்?” என்றவர் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டார்.

அந்தோணி அண்ணன் எங்கள் மாடிப்படி ஏறி வந்தது இதற்குப் பிறகுதான். மரக்காணத்து உப்பளம் ஒன்றில் பம்பு செட் பார்த்துக்கொள்கிறவர். உப்பில் வெடித்த பாதங்களோடு வாசலிலேயே நின்றுகொண்டு, ஒரு சட்டையைத் தூக்கிக் காட்டினார். அதன் ஒரு கை முழுக்கக் கிழிந்து தொங்கியது.

“மொதலாளி பாண்டியில உக்காந்துகினு பட்டனை அமுக்குறாரு. நான் இங்க பெல்ட்டு மாட்டிக்கினு இருக்கேன்னு அவருக்கு எப்படித் தெரியும்? சடார்னு சுத்திச்சு. இந்தவாட்டி சட்டையோட போச்சு பாப்பா. ஏதாச்சும் பூட்டு போட்டுக் குடுங்க.”

அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள். பெட்டியில் ஒரு சிவப்பு சுவிட்ச் வைத்தோம். மோட்டாரையும் பம்பையும் இணைக்கிற பெல்ட்டில் கை வைப்பதற்கு முன் அதை மேலே தூக்கிவிட வேண்டும். சுவிட்சைத் தூக்கினால் இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று, பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். முதலாளி போனிலும் ‘ஆள் வேலையில் இருக்கிறார்’ என்று வரும். இதைச் செய்வது ஒரு ஃபைல். இரண்டு, யார் எங்கிருந்து பட்டனை அமுக்கினாலும், டைமர் வைத்திருந்தாலும், மோட்டார் ஓட மறுத்துவிடும். இதைச் செய்வது இன்னொரு ஃபைல். உயிரைக் காக்கிற பூட்டு இந்த இரண்டாவதுதான். அதன் மேலேயே, ‘ஆளின் கை பெல்ட்டில் இருக்கும்போது மோட்டார் ஓடக் கூடாது’ என்று குறிப்பும் எழுதி வைத்தேன்.

கொட்டகையில் வைத்துச் சோதித்தோம். அந்தோணி அண்ணன் பெல்ட்டுக்கு நடுவில் ஒரு சவுக்குக் குச்சியைச் செருகி, சுவிட்சைத் தூக்கினார். விளக்கு எரிந்தது. நான் போனில் அமுக்கினேன். பெட்டியிலேயே மோட்டாரை ஓட்டுகிற பச்சைப் பட்டனையும் அமுக்கினேன். மோட்டார் அசையவில்லை. குச்சியை உருவிக்கொண்டு அவர் சிரித்தார்.

“இது போதும் பாப்பா. லைட்டு எரிஞ்சா தைரியமா கை வெப்பேன்.”

வெயில் ஏறி உப்பு நன்றாக விளைகிற காலம் வந்தது. வேறு உப்பளங்களிலிருந்து புகார் வர ஆரம்பித்தது. வேலை முடிந்ததும் ஆட்கள் சுவிட்சை இறக்க மறந்துவிடுகிறார்கள், காலையில் மோட்டார் ஓட மாட்டேன் என்கிறது, பாத்தி காய்கிறது. எங்கள் ஓனருக்கு நாள் முழுக்கப் போன். அந்த நேரம் பார்த்து நான் சித்தி மகள் கல்யாணத்துக்குத் திண்டிவனம் போயிருந்தேன். திரும்பி வந்தபோது ஆபீஸே கலகலவென்று இருந்தது. புகார்கள் நின்றுவிட்டன. ஓனர் எல்லோருக்கும் பிரியாணி வரவழைத்திருந்தார்.

“எப்படி சார் சரி பண்ணீங்க?” என்று கேட்டேன்.

“சின்ன விஷயம்மா,” என்று எலும்பை ஓரமாக எடுத்து வைத்தார்.

மறுவாரம் ஒரு காலை அந்தோணி அண்ணனின் மனைவியிடமிருந்து போன் வந்தது. அழுகைக்கு நடுவே ‘பெல்ட்டு’ என்ற ஒரு சொல்தான் எனக்குப் புரிந்தது.

பாண்டி ஆஸ்பத்திரியில் அவர் வலது கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்திருந்தார்கள். கட்டுக்குள் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம் என்று நர்ஸ் சொன்னார். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“லைட்டு எரிஞ்சிச்சு பாப்பா,” என்றார். “பாத்துட்டுத்தான் கை வெச்சேன், மொதலாளி வெச்ச டைமர்ல சுத்திடுச்சு. சத்தியமா எரிஞ்சிச்சு.”

ஆபீசுக்கு வந்தேன். ஓனர் என் மேஜையருகே நின்றிருந்தார். “பூட்டு எழுதினது நீதானே? எடு, பாப்போம்.”

எடுத்தேன். நான் எழுதியபடியே இருந்தது. ஒரு வரி மாறவில்லை, ஒரு கமா மாறவில்லை. யார் எழுதியது என்ற இடத்தில் என் பெயர் மட்டும் இருந்தது. எனக்குப் பிறகு அதை யாரும் தொட்டதாகவே இல்லை. அப்படியென்றால் பூட்டு இருந்திருக்கிறது. இருந்தும் மோட்டார் ஓடியிருக்கிறது. அப்படியென்றால் தப்பு என்னுடையது. திரும்பத் திரும்பப் படித்தேன். எங்கே தப்பு என்று தெரியவில்லை. எழுத்துகள் பூச்சி மாதிரி ஊர ஆரம்பித்தன.

சார் வந்து என் பின்னால் நின்றார். தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார்.

“எப்படி இருக்கணுமோ அப்படித்தான் இருக்குது,” என்றார். போய்விட்டார்.

அன்று சாயங்காலம் ஓனர், “ரெண்டு நாள் வீட்டுல இரும்மா. என்ன செய்யலாம்னு சொல்றேன்,” என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

யாஸ்மின்தான் பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்து கேட்டாள். “ஆபீஸ்ல இருக்கிறது கெடக்கட்டும். பெட்டியில ஓடுறது என்னன்னு பாத்தியா?”

நான் நின்றுவிட்டேன். ஆபீசில் ஒரு ஃபைலை மாற்றினால் அது சிம் கார்டு வழியாகத்தான் பெட்டிகளுக்குப் போகும். விபத்து நடந்ததும் கொட்டகையில் ஃபியூஸைப் பிடுங்கியிருந்தார்கள். அந்தப் பெட்டி அப்போதிலிருந்து உயிரில்லாமல் கிடக்கிறது. புதிதாக எதுவும் அதற்குப் போயிருக்க முடியாது. அந்தோணி அண்ணன் கை வைத்த நிமிஷத்தில் அதில் என்ன ஓடியதோ, அதுவேதான் இன்னும் அதில் இருக்கும்.

மறுநாள் காலை நாங்கள் இருவரும் உப்பளத்துக்குப் போனோம். அந்தோணி அண்ணனின் மனைவி சாவி கொண்டுவந்தார். வெளியே உப்புக் குவியல்கள் கண்ணைப் பறித்தன. கொட்டகைக்குள் ஒன்றுமே தெரியவில்லை. தரையில் யாரோ மணலைக் கொட்டியிருந்தார்கள். எதன் மேல் கொட்டியிருந்தார்கள் என்று நாங்கள் பார்க்கவில்லை.

முதலில் சிம் கார்டை எடுத்தோம். பெல்ட்டைக் கழற்றினோம். ஃபியூஸைப் போட்டோம். யாஸ்மின் தன் போனில் படம் பிடிக்க ஆரம்பித்தாள். நான் சிவப்பு சுவிட்சைத் தூக்கினேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே பச்சைப் பட்டனை அமுக்கினேன்.

மோட்டார் ஓடியது.

விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தோணி அண்ணனின் மனைவி புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தார். “அப்ப அவரு சொன்னது நெசம்தான்,” என்றார். “தண்ணியப் போட்டுட்டு கைய வெச்சிட்டாருன்னு எல்லாரும் பேசிக்கினாங்க.”

படத்தை ஓனரிடம் காட்டினோம். சாரை உள்ளே கூப்பிட்டார். சார் எதையும் மறைக்கவில்லை.

“ஆமா. புகார் வந்தப்போ அந்த ஒரு ஃபைலை மட்டும் பழையபடி ஆக்கினேன், பூட்டு வர்றதுக்கு முன்னாடி இருந்த மாதிரி. மோட்டார் எல்லாம் ஓடிச்சு இல்ல?”

“லைட்டு எரியுதேடா! பூட்டு இல்லாம லைட்டு மட்டும் எரியுது!”

“லைட்டுல புகார் வரலையே. அதை ஏன் தொடணும்?”

ஓனர் படத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தார். “அப்புறம் இப்ப எப்படி ஆபீஸ்ல பூட்டு இருக்குது?”

“ஆக்சிடென்ட்டுன்னு தெரிஞ்சதும் திரும்ப வெச்சிட்டேன். நடுவுல நான் பண்ண கமிட்டெல்லாம் தேவையில்லாம இருந்துச்சு, எடுத்துட்டேன். இப்ப எல்லாம் சரியா இருக்குது.”

“இந்தப் பொண்ணு மேல பழி விழுமேன்னு தோணலையா உனக்கு?”

சார் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமோ பயமோ அந்தக் கண்ணில் இல்லை. இடம் மாறிக் கிடக்கிற ஒரு மேஜையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“நான் யாரு மேலயும் எதுவும் சொல்லலையே,” என்றார்.

அந்த வாரமே அவரை அனுப்பிவிட்டார்கள். ஆபீசும் அதிக நாள் தாங்கவில்லை. உப்பளக்காரர்கள் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொண்டுவந்து போட்டார்கள். யாஸ்மினும் நானும் பாண்டியில் வேலைக்குச் சேர்ந்தோம். அந்தோணி அண்ணன் அதே உப்பளத்தில் இடது கையால் மடை திறந்துவிடுகிறார். பம்பு செட்டைப் பார்த்துக்கொள்வது இப்போது அவர் மனைவி. ஃபியூஸைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் அவர் பெல்ட் பக்கம் போகிறார்.

சாரை அதன் பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தேன். மரக்காணம் பஸ் ஸ்டாப்பில், சென்னைப் பக்கம் போகிற பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். ஒதுங்கிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அவரே வந்தார்.

“நல்லா இருக்கியாம்மா?”

“இருக்கேன் சார். இப்ப எங்கே வேலை?”

“சென்னையில. பெரிய கம்பெனி. லிஃப்டு ஓட்டுற சாஃப்ட்வேர். நல்ல மரியாதை. எல்லாரும் என்னைத்தான் கூப்பிடுறாங்க.”

மனசில் தங்கிவிட்டிருந்த கேள்வி என்னையறியாமல் வெளியே வந்தது.

“சார், அந்தப் பூட்டு ஃபைலை எடுக்கிறதுக்கு முன்னாடி, அதைப் படிச்சீங்களா?”

அவர் படிக்கவில்லை என்று சொல்வார் என நினைத்தேன். அவசரத்தில் பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தால், அன்றோடு அவரை மன்னித்துவிட்டிருப்பேன்.

“படிச்சேனே,” என்றார். “நல்லா எழுதியிருந்தே. மேல குறிப்புகூடப் போட்டிருந்தே, ஆள் கை பெல்ட்டுல இருக்கும்போது ஓடக் கூடாதுன்னு.”

“படிச்சிட்டுமா சார் எடுத்தீங்க?”

“அதுக்கு முன்னாடி அது இல்லாமதானேம்மா எல்லாம் ஓடிச்சு?”

பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோர இடம் பார்த்து உட்கார்ந்தார். பஸ் நகரத் தொடங்கியதும் கண்ணாடியைத் தள்ளித் தலையை வெளியே நீட்டினார்.

“ஏம்மா, உன் ஆபீஸ்ல ஏதாச்சும் கெட்டுப்போச்சுன்னா போன் பண்ணு. கூச்சப்படாதே. ஒரு நிமிஷ வேலை.”

“சரிங்க சார்,” என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.